ஸ்பிரிங்வெளிக்கு இளவேனில் எப்போது வருகிறது?



பதுளை நகரிலிருந்து நமுனுகுல மலைப்பக்கம் ஏறிச்செல்லும் பாதையில் ஸ்பிரிங்வெளித் தோட்டம் இருக்கிறது. அந்தப் பெயரை முதன்முதலில் பஸ் வண்டியின் முன்பலகையில் படித்தபோது எனக்கு ஒரு சந்தேகம் எழுந்தது. ஆங்கிலத்தில் 'ஸ்பிரிங்' என்றால் நீரூற்று. வசந்த காலத்துக்கும் அதே சொல்தான். பெயர் வைத்த துரைமார் இரண்டில் எதை நினைத்தார்களோ, அவர்கள் 'வெலி' என்று சொன்ன பள்ளத்தாக்கை நம்மவர் நாவு 'வெளி' ஆக்கிக்கொண்டது. நாற்காலியைப் போட்டால் நான்கு காலும் ஒருசேர ஊன்றுவதற்கு இடம் தேடவேண்டிய மலைச்சரிவுக்கு 'வெளி' என்று பெயர்!

ஊற்றுக்கு விளக்கம் தேவையில்லை. மலை இடுக்கில் கசியும் நீரை ஒரு தகரத்தையோ குழாயையோ வைத்து இறக்கினால் அது பீலி. லயத்துக்கு அருகே ஒரு பீலி இருந்தால் குளிப்பும் குடிப்பும் துவைப்பும் நடந்தேறும். வசந்தத்தைப் பற்றித்தான் பேசவேண்டியிருக்கிறது. நம் நாட்டில் வசந்தம் என்று ஒன்று உண்டா? உண்டென்றால் அது எந்த மாதம் வருகிறது? வந்துவிட்டதென்று எதைக்கொண்டு அறிவது? இவ்வாரம் இந்தக் கேள்விகளையே எடுத்துக்கொள்ள விரும்புகிறேன்.

நான் கொழும்பு கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்தவன். 2014ஆம் ஆண்டு தைப்பொங்கல் கழிந்த கையோடு ஆசிரியனாக இடமாற்றம் பெற்று இவ்வூருக்கு வந்தேன். பணிய லயத்தின் தொங்கலை ஒட்டினாற்போல் ஒரு சிறு வீடு வாடகைக்குக் கிடைத்தது. கொழும்புக்காரனுக்குத் தெரிந்த பருவங்கள் இரண்டு. ஒன்று வியர்க்கும் காலம். மற்றது வீதியில் வெள்ளம் நிற்கும் காலம். வசந்தம் என்பது எங்களுக்கு ஆங்கிலப் பாடநூலிலும் சினிமாப் பாட்டிலும் வருவது. அதைக் கண்ணால் பார்க்கலாம் என்று எவரும் சொன்னதில்லை.

நம் பழைய நூலோர் இதைச் செம்மையாகவே வகுத்து வைத்திருக்கிறார்கள். ஆண்டுக்கு ஆறு பருவம். ஆவணியும் புரட்டாதியும் கார். ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர். மார்கழியும் தையும் முன்பனி. மாசியும் பங்குனியும் பின்பனி. சித்திரையும் வைகாசியும் இளவேனில். ஆனியும் ஆடியும் முதுவேனில். ஐந்து திணைகளுக்கும் பொழுது பிரிக்கும்போது தொல்காப்பியர் மலைநிலமான குறிஞ்சிக்குக் கூதிரையும் முன்பனியையும் கொடுத்தார். வேனிலோ பாலைக்குப் போயிற்று. ஆக, இலக்கணப்படி மலைக்கு உரியது குளிரும் மழையுமே. அடைமழை இரவில் வழுக்குப் பாறையில் கால்வைத்துத் தலைவன் வருவதும், அவன் வரும் வழிக்குத் தலைவி அஞ்சுவதும் குறிஞ்சிப் பாட்டுகளின் இன்பம். வகுப்பறையில் இருந்து படிக்க மிக நன்றாக இருக்கும். நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் படிப்பித்தேன்.

இனி ஊவாவின் வானத்தைப் பார்ப்போம். வைகாசி முதல் வீசும் தென்மேல் பருவக்காற்று மத்திய மலைநாட்டின் மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு, கிழக்கே எங்கள் பக்கம் வரும்போது வெறுங்கையுடன் வரும். ஆனி, ஆடி, ஆவணியில் இங்கே வீசுவது உலர்ந்த காற்று. ஊவாத் தேயிலையின் மணத்துக்குப் பெயர்பெற்ற காலமும் அதுவே. வியாபாரிகள் 'சீசன்' என்று சொல்வது அந்த ஜூலை, ஓகஸ்ட், செப்டெம்பர் மாதங்களைத்தான். எங்களுக்கு மழை தருவது ஐப்பசிக்குப் பிறகு வரும் வடகீழ்ப் பருவம். பதுளையில் ஓராண்டில் பெய்யும் மழையில் ஏறக்குறைய பாதி, ஒக்டோபர் தொடங்கி ஜனவரி முடிவதற்குள் பெய்துவிடுகிறது. தொல்காப்பியர் மலைக்கு ஒதுக்கிய அதே கூதிரும் முன்பனியும்!

தை பிற்பகுதியில் மழை விட்டுப்போகிறது. மாசியில் வானம் துடைத்து வைத்ததுபோல் இருக்கும். இரவில் கடுங்குளிர், பகலில் நல்ல வெயில். பங்குனி பாதிக்குப் பிறகு காலை வெளுத்து, நண்பகலில் நமுனுகுலவின் தலையில் மேகம் கூடி, பிற்பகல் இரண்டு மூன்று மணிக்கு இடி இடித்து ஒரு பாட்டம் பெய்து, மாலையில் ஒன்றும் நடவாததுபோல் மறுபடி வெளுக்கும். இதற்குக் காரணம் சூரியன். பங்குனிக் கடைசியில் அவன் வடக்கு நோக்கி நகர்ந்து இலங்கைக்கு நேர் மேலே வருகிறான். ஏப்ரல் 5ஆம் திகதிக்கும் 15ஆம் திகதிக்கும் இடையில் தீவின் ஒவ்வோர் ஊரிலும் ஒரு நாள் உச்சிப்பொழுதில் நம் நிழல் காலடியிலேயே சுருண்டுகொள்ளும். நிலம் சூடேறி, ஈரக்காற்று மேலெழும்பி, மேகமாகி, இடியோடு இறங்குகிறது. பருவக்காற்றுகள் இரண்டுக்கும் நடுவிலான இந்த இடைக்காலமே எங்கள் வசந்தம். நூலோர் சித்திரைக்கு வைத்த இளவேனில் ஸ்பிரிங்வெளியில் மாசியிலேயே வாசலில் வந்து நின்றுவிடுகிறது என்பது என் கணக்கு.

முதலாண்டு நான் பட்டணத்துக்காரனின் கண்ணோடு அதை அனுபவித்தேன். அந்த இன்பங்களைச் சிறுமைப்படுத்த நான் விரும்பவில்லை. விடியற்காலை வாயைத் திறந்தால் புகை வருவது நாற்பது வயதில் எனக்குப் புதுமை. சவுக்கு என்று தோட்டத்தில் சொல்லப்படும் கிறவிலியா மரங்கள் சீப்புச் சீப்பாகப் பொன்மஞ்சள் பூப் பூக்கும். தேன் குடிக்க வரும் சிட்டுகள் எனக்கு மணியடிக்கும் வேலையைச் செய்தன. இலையுதிர்த்து நிற்கும் முள்முருங்கை, இலை துளிர்க்குமுன் சிவப்பாகப் பூத்துவிடும். சிங்கள மக்கள் 'எரபது' என்று சொல்லும் இந்தப் பூவும் குயிலின் கூவலும் சேர்ந்தால் புத்தாண்டு நெருங்கிவிட்டது என்பது நாடறிந்த கணக்கு. மற்ற மாதங்களில் பெரும்பாலும் வாய்திறவாமல் இருக்கும் குயில், பங்குனியில் இணைதேடும் ஆசை வந்ததும் விடியுமுன் தொடங்கி ஓயாமல் கூவும். கூவுவது ஆண்குயில். காகத்தின் கூட்டில் முட்டையிட்டுவிட்டுக் குடும்பப் பொறுப்பைக் கைகழுவும் பறவைக்குக் கவிஞர்கள் கொடுத்த மதிப்பு கொஞ்சம் அதிகம் என்றே எனக்குப் படுகிறது. ஆனாலும் காலை ஐந்து மணிக்குப் போர்வைக்குள் கிடந்தபடி அதைக் கேட்கும்போது இந்த வழக்கெல்லாம் நினைவுக்கு வருவதில்லை.

பூவும் குயிலும் இன்பம் என்று எவரும் சொல்வார்கள். லயத்தில் வசந்தம் வருவது வேறு வழியாக. அதை எனக்குக் காட்டியவர் பக்கத்துக் காம்பராவிலிருந்த பாட்டி. நாற்பது ஆண்டுகள் கொழுந்தெடுத்து ஓய்வுபெற்றவர். வெயில் வந்த முதல் நாள் அவர் வீட்டுக் கம்பளி, போர்வை, தலையணை எல்லாம் இஸ்தோப்புச் சுவரிலும் வேலியிலும் ஏறிவிட்டன. அன்றைக்கு எல்லா லயங்களிலும் அதே காட்சி. மூன்று மாதம் ஈரவாடையடித்த துணி ஒரு பகல் வெயிலில் காய்ந்து, இரவில் முகத்தருகே இழுத்தால் வெயிலின் வாசம் வரும். இதற்கு ஈடாகச் சொல்ல என்னிடம் ஒரு பூவும் இல்லை.

அடுத்தது விறகு. கவ்வாத்து வெட்டிய மலையிலிருந்து சுமந்துவந்த மிலாறுக் கட்டுகள் மழைமாதங்களில் ஈரமாகவே கிடக்கும். அதை ஊதி ஊதிப் பற்றவைத்துக் கண் சிவக்கச் சமைப்பதுதான் அதிகாலை நாலரை மணியின் வேலை. மாசி வெயிலில் மிலாறு கலகலவென்று காய்ந்துவிட்டால் ஒரே குச்சியில் அடுப்புப் பற்றிக்கொள்ளும். "இன்னைக்கு ஊதாமலே புடிச்சிருச்சுங்க மாஸ்டர்" என்று பாட்டியின் மருமகள் சொன்னபோது அவர் முகத்திலிருந்த மகிழ்ச்சியை நான் பார்த்தேன். பெரட்டுக்கு ஓடுமுன் கால்மணி நேரம் மிச்சம். அந்தக் கால்மணி நேரத்தில் இஸ்தோப்பில் உட்கார்ந்து சாயத்தண்ணி குடிக்கலாம். ஆண்டில் மற்ற நாட்களில் அதை நின்றுகொண்டே குடிப்பார்கள்.

இந்த வெயிலுக்கு ஒரு விலையும் உண்டு. பங்குனி நடுவில் பீலி மெலிந்துவிடும். குடம் நிறையும் நேரம் கூடும், வரிசை நீளும், வாய்ச்சண்டையும் வரும். ஊற்றும் வசந்தமும் ஒரே பெயருக்குள் இருந்தாலும் ஒன்று தலைதூக்கும்போது மற்றது தலைகுனிகிறது. பிறகு இடிமழை நாலு நாள் பெய்ததும் ஒரு விடியற்காலையில் பீலி விழும் சத்தம் கனத்திருக்கும். படுத்தபடியே அதைக் கேட்டு, "தண்ணி வந்திருச்சு" என்று சுவருக்கு அப்பாலிருந்து ஒரு குரல் எழும். லயத்தின் சுவர்கள் அப்படிப்பட்டவை. பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பரா. ஒருவர் இன்பம் மற்றவருக்கு மறைவதில்லை.

இளவேனிலுக்கென்று ஒரு தெய்வம் உண்டு. மன்மதன். கரும்பு வில், வண்டு நாண், மலர்க் கணை, தோழன் வசந்தன். வசந்தத்தின் அதிபதியான இவனுக்குக் கோயில் கட்டியவர்கள் நம்மில் மிகக் குறைவு. ஆனால் தேயிலை மலையில் அவனுக்குப் பொட்டல் இருக்கிறது. கடல்கடந்து வந்த நம் முன்னோர் தமிழகத்துக் கிராமங்களிலிருந்து கையோடு கொண்டுவந்த காமன் கூத்தைத்தான் சொல்கிறேன். மாசி அமாவாசைக்கு மூன்றாம் நாள், பிறை கண்டதும் காமன் பொட்டலில் கரும்பும் ஆமணக்கும் சேர்த்துக் காமனை ஊன்றுவார்கள். அன்றுமுதல் இரவுதோறும் தப்பொலி. ரதியாகவும் மதனாகவும் வேடம் கட்டுபவர்கள் விரதம் இருப்பார்கள். ரதி வேடமும் பெரும்பாலும் ஓர் இளைஞனுக்கே. பிறை வளர வளரக் கூத்தும் வளரும். திருமணம், தூது, ரதியின் தடை, தட்சனின் வேள்வி, வீரபத்திரன் வருகை என்று கதை போகும். முழுநிலா இரவில் ரதியும் மதனும் லயம் லயமாகச் சென்று ஆடுவார்கள். வீட்டுக்கு வீடு தட்டெடுப்பார்கள். விடியும் நேரத்தில் சிவன் நெற்றிக்கண் திறக்கக் காமன் எரிவான். மூன்றாம் நாள் உயிர்த்தெழுவான். ரதியின் கண்ணுக்கு மட்டும்.

தமிழ்நாட்டில் இதே காமன் கதையை வைத்து எரிந்த கட்சி, எரியாத கட்சி என்று இரண்டு கட்சியாகப் பிரிந்து இரவு முழுவதும் லாவணி பாடுவதுண்டு. காமன் எரிந்தானா, எரியவில்லையா என்பது வழக்கு. நான் எரியாத கட்சி. அதற்குக் காரணம் சாத்திரமன்று. ஸ்பிரிங்வெளிப் பொட்டலில் அன்றிரவு பதினெட்டு வயது ரதி, பகலில் தேயிலைக்கு உரம் போடும் பையன், மண்ணில் விழுந்து அழுதபோது என் பக்கத்தில் நின்ற பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள். கதையின் முடிவு தெரியாதவர் அங்கே ஒருவரும் இல்லை.

இந்தக் கூத்து ஏன் மாசியில் வருகிறது? புராணக் காரணம் ஒருபக்கம் இருக்கட்டும். மலையில் பதினைந்து இரவு தொடர்ந்து வெளியில் நிற்க வேறு மாதம் கிடையாது. மழை விட்டிருக்கிறது, வழுக்குப் பாதை காய்ந்திருக்கிறது, வறட்சியால் கொழுந்தும் சற்றுக் குறைந்திருக்கிறது, நிலா வளர்கிறது. போதாக்குறைக்கு முழுநிலா நாள் போயா விடுமுறை. தப்படிப்பவனும் பார்ப்பவளும் மறுநாள் பெரட்டுக்கு நிற்கவேண்டியதில்லை. தெய்வம் நாள் பார்த்து வந்ததோ, நாள் பார்த்துத் தெய்வத்தை அழைத்தார்களோ, இரண்டும் பொருந்திவிட்டது.

இப்படியெல்லாம் எனக்கு 2014இன் வசந்தம் நன்றாகவே கழிந்தது. கொழும்பிலிருந்த நண்பர்களுக்கு நீண்ட கடிதங்கள் எழுதினேன். அவற்றில் ஒரு பிழை இருந்தது. அது எனக்கு ஐப்பசியில் விளங்கியது.

பாட்டி வீட்டுக் கதவுக்குப் பின்னால் ஓர் ஆணி. ஐப்பசி பிறந்ததும் அந்த ஆணியில் ஒரு துணிப்பை தொங்கத் தொடங்கியது. பொலித்தீனில் சுற்றிய கட்டு ஒன்று உள்ளே இருந்தது. "பிள்ளைகளின் புத்தகமா?" என்று ஒருநாள் கேட்டேன். "இல்லைங்க மாஸ்டர். கார்டு, பேர்ப்பதிவு, சேமலாபக் கடுதாசி. மழைக்காலத்துல கைக்கு எட்டுற மாதிரி வச்சுக்கிறது" என்றார். ஏதோ நனையாமல் காக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். பட்டணத்துப் புத்தி அவ்வளவுதான்.

அந்த மாதம் 29ஆம் திகதி காலை, இதே பதுளை மாவட்டத்தில், கொஸ்லந்தைக்கு அருகே மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடியது. அடைமழைக்குப் பின் வந்த மண்சரிவு. தொழிலாளர் குடும்பங்கள் மண்ணுக்குள் போயின. மீட்கப்படாதவர்கள் அங்கேயே இருக்கிறார்கள். அன்றிரவு ஸ்பிரிங்வெளியில் யாரும் படுக்கவில்லை. மழை பெய்துகொண்டிருந்தது. லயத்துக்கு மேலே மலை இருக்கிறது என்பதை நான் அதுவரை அழகாக மட்டுமே பார்த்திருந்தேன். அன்றைக்குத்தான் அதைக் காதால் கேட்கக் கற்றுக்கொண்டேன். பீலியின் தண்ணீர் திடீரென்று கலங்கி வருகிறதா, சுவரில் புதிய வெடிப்பு உண்டா, நேற்று நிமிர்ந்து நின்ற சவுக்கு இன்று சாய்ந்திருக்கிறதா, கசிவில்லாத இடத்தில் கசிகிறதா என்று பாட்டி ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போனார். மண்சரிவுக்கு முன்னறிகுறிகள் என்று அறிவுறுத்தல் பத்திரிகைகளில் அச்சிடப்படுபவை பெரும்பாலும் இவைதான். அவர் அவற்றை அச்சில் படித்தவரல்லர்.

அந்தப் பையின் கதையும் அன்றிரவு வந்தது. ஓடவேண்டி வந்தால் பிள்ளையை ஒரு கையில், பையை மறுகையில் எடுத்துக்கொண்டு ஓடவேண்டும். நகை இல்லை, பணம் இல்லை, கடுதாசிதான். இதை வேடிக்கையாக எடுத்துக்கொள்ளக்கூடாது. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் இந்த மக்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர் ஆக்கியது. 1964இல் இரண்டு அரசாங்கங்கள் உட்கார்ந்து எத்தனை பேர் அங்கே, எத்தனை பேர் இங்கே என்று பங்கு பிரித்தன. மிஞ்சியவர்களின் பிரச்சினை 2003ஆம் ஆண்டுச் சட்டத்தோடுதான் தீர்ந்தது. பாட்டியின் தகப்பனார் கடுதாசி இல்லாமல் இறந்தவர். பாட்டிக்குத் தன் அடையாள அட்டை கைக்கு வந்தபோது தலை நரைத்துவிட்டது. மலை சரிந்தால் வீட்டை மறுபடி கட்டலாம்; அந்தக் கட்டு மண்ணுக்குள் போனால் மறுபடி யாரிடம் போய் நிற்பது? இதுதான் அவர் கேட்ட கேள்வி. நான் பதில் சொல்லவில்லை.

குறிஞ்சிக்குக் கூதிர் என்று வகுத்தவர் மேல் எனக்குக் குறையில்லை. அவர் பாட்டுக்கு வகுத்தார். ஆனால் கூதிர் முழுவதும் மலைக்குக் காது கொடுத்து அரைத்தூக்கம் தூங்குகிறவர்களுக்கு வசந்தம் என்பது முதலில் தூக்கம். போர்வை காய்வதும் மிலாறு காய்வதும் மேலே உள்ள மண்ணும் காய்கிறது என்பதற்கு அடையாளம். நான் 'வெயிலின் வாசம்' என்று கடிதத்தில் எழுதியதை, அவர்கள் 'இனிப் பயமில்லை' என்று படித்திருக்கிறார்கள். என் கடிதங்களிலிருந்த பிழை அதுதான்.

2015 மாசியில் எனக்கும் அது தெரிந்தது. மழை விட்டு மூன்று வாரம் ஆகியிருக்கும். ஓரிரவு நான் நடுவில் விழிக்காமல் தூங்கி, குரல் கேட்டு எழுந்தேன். வெளியே வந்தால் பாட்டி இஸ்தோப்பில் வெயிலில் உட்கார்ந்து பேத்திக்குத் தலை வாரிக்கொண்டிருந்தார். கம்பளிகள் வேலியில் ஏறியிருந்தன. பொட்டல் பக்கம் பையன்கள் கரும்பு தேடி அலைந்துகொண்டிருந்தார்கள்.

சித்திரை வரும்போது வேலைதான் முன்னால் நிற்கும். பங்குனி மழை கண்ட தேயிலை, உறங்கிக் கிடந்த மொட்டையெல்லாம் ஒரே நேரத்தில் விழிக்கச் செய்கிறது. மலை இளம்பச்சையாக மாறும். பாதையில் போகிறவருக்கு அது கண்கொள்ளாக் காட்சி. நிரை பிடித்தவருக்குக் கூடை நிறைந்து தலைக்கயிறு நெற்றியில் வெட்டும் காட்சி. இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கிள்ள வேண்டியது ஏழெட்டு நாள் தாமதித்தால் முற்றிவிடும் என்பதால் ஞாயிற்றுக்கிழமையும் கைக்காசு வேலை இருக்கும். கூடுதல் கிலோவுக்குக் கூடுதல் காசு என்று மகிழ்வோரும் உண்டு. மாலையில் மடுவத்தில் நிறுத்துவிட்டு வரும்போது தோள்பட்டையைப் பிடித்துக்கொண்டு வருவோரும் அவர்களே. பாட்டியின் மருமகள் அந்த மாதத்தில் கலகலப்பாகவும் இருப்பார், கண்டபடி ஏசவும் செய்வார். இரண்டுக்கும் காரணம் கொழுந்து. வருடப்பிறப்புக்கு ஊர் அடங்கும். தெருவுக்கு அப்பாலுள்ள சிங்களக் கிராமத்திலிருந்து வாழையிலை மூடிய தட்டில் கெவுமும் கொக்கிஸும் வரும். இங்கிருந்து முறுக்கும் பொங்கலும் போகும். பிஞ்சுப் பலாக்காயைக் கறியாக்கும் கைப்பக்குவத்தில் அந்தக் கிராமத்தவரை வெல்ல எங்கள் பக்கத்தில் ஆளில்லை என்பதைத் தயங்காமல் சொல்வேன்.

சித்திரையில் ஒருவர் எங்களிடம் விடைபெறுவார். வீட்டுக்குப் பின்னால் புதரடியில் இலைச்சருகைக் கிளறிக்கொண்டு திரியும் பல வண்ணக் குருவி. காலை ஆறு மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் இரண்டு சுரத்தில் கூப்பிடுவதால் ஆறுமணிக் குருவி என்று பெயர். ஐப்பசி வாக்கில் வடஇந்தியாவிலிருந்தும் இமயத்தின் அடிவாரத்திலிருந்தும் இங்கே வந்து, மழைக்காலம் முழுவதும் எங்களோடிருந்து, சித்திரையில் கூடு கட்டப் புறப்பட்டுவிடும். அதற்கு வசந்தம் அங்கே. ஒரு மாலை ஆறு மணி அடிக்காமல் போகும்; அப்போது தெரிந்துகொள்வோம்.

பாட்டி 2019இல் காலமானார். ஏழு பேர்ச் காணியும் தனிவீடும் என்ற பேச்சு அவர் காதுக்கு வந்தது, வீடு வரவில்லை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி வந்து பதுளை மாவட்டத்தின் மலைகள் பல இடங்களில் சரிந்தபோது, அவர் மருமகள் பிள்ளைகளோடு முகாம் ஒன்றுக்குப் போனதாகச் சொன்னார். தொலைபேசியில் முதலில் கேட்டது, "மாஸ்டர், பை பத்திரமா இருக்கு" என்பதுதான்.

ஆறுமணிக் குருவி போன பிறகு அந்தப் பை ஆணியிலிருந்து இறங்கும். பாட்டி இருந்த காலத்தில் அதற்கொரு நாள் வைத்திருந்தார். சித்திரை வருடப்பிறப்புக்கு முதல்நாள் வீடு கழுவும்போது பொலித்தீனை அவிழ்த்து, கடுதாசிகளை ஒவ்வொன்றாக இஸ்தோப்பில் வெயில்பட வைத்து, காற்றில் பறக்காமல் மேலே ஒரு கல்லை வைப்பார். பேத்திதான் காவல். மதியத்துக்குமுன், மேகம் கூடுவதற்குள், அவற்றை மறுபடி சுற்றித் தகரப்பெட்டியின் அடியில், சேலைகளுக்குக் கீழே வைத்துப் பூட்டுவார். கதவுக்குப் பின்னாலுள்ள ஆணி காலியாக இருக்கும். ஐப்பசி வரைக்கும் அதில் பேத்தியின் பாடசாலைப் பை தொங்கும்.